புளோரன்ஸ் நகரின் பழைய பாலத்தில் ஏன் நகைக்கடைகளே இருக்கின்றன?

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் ஆர்னோ ஆற்றின் மேல் நிற்கும் 'பொன்டே வெக்கியோ'வில் இன்று நகைக்கடைகள் வரிசையாக மின்னுவதற்குக் காரணம் 1593ஆம் ஆண்டின் ஓர் அரச ஆணையே.

அதற்கு முன் அங்கே பெரும்பாலும் இறைச்சிக் கடைகளே இருந்தன. கழிவை நேராக ஆற்றில் தள்ளிவிடலாம் என்பது கசாப்புக்காரர்களுக்கு வசதியாக இருந்தது. ஆனால் 1565இல், நகரை ஆண்ட கோசிமோ தி மெதிச்சியின் கட்டளைப்படி, அரண்மனையிலிருந்து ஆற்றின் அக்கரையில் உள்ள பித்தி மாளிகைக்கு ஆட்சியாளர் குடும்பம் தெருவில் இறங்காமலே நடந்து செல்ல, இந்தக் கடைகளின் தலைக்கு மேலேயே மூடிய நடைபாதை ஒன்றைக் கட்டடக் கலைஞர் வசாரி அமைத்தார். கீழிருந்து எழுந்த நாற்றம் மேலே நடந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கோசிமோவின் மகன் முதலாம் ஃபெர்டினாண்டோ, கசாப்புக் கடைகளை அகற்றிப் பொற்கொல்லர்களைக் குடியேற்றினார்.

பாலத்தின் கட்டுமானம் இதைவிடப் பழையது. 1333இன் வெள்ளம் முந்தைய பாலத்தை அடித்துச் சென்றபின், 1345இல் மூன்று தட்டையான, அதாவது அரைவட்டத்தைவிடத் தாழ்ந்த, வளைவுகளோடு இது எழுந்தது. அரைவட்ட வளைவுகள் என்றால் அதே அகலத்துக்குப் பாலத்தை உயரமாகக் கட்டவோ, ஆற்றுக்குள் கூடுதல் தூண்களை நிறுத்தவோ வேண்டியிருக்கும். தட்டை வளைவில் தூண்கள் குறைவதால் வெள்ளநீருக்கு வழி அகலமாகிறது.

1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை நகரின் மற்றப் பாலங்களைத் தகர்த்தபோது இதை மட்டும் விட்டுவைத்தது. எனினும் இதன் இரு முனைகளிலும் இருந்த பழைய கட்டிடங்களை இடித்து வழியை அடைத்தது. 1966 நவம்பர் வெள்ளத்தில் கடைகள் சிதைந்தன, பாலம் தாங்கியது.