முன்நீரிழிவும் சாப்பாட்டுத் தட்டும்: உணவியல் ஆலோசகரின் கேள்வி பதில்

மாத்திரை, ஊசி பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். தட்டில் இருப்பதைப் பற்றி என்னிடம் கேளுங்கள். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழச்சாறு வேண்டாம்.

மேடம், எச்பிஏ1சி 6.1 வந்திருக்கிறது. எனக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டதா?

இன்னும் இல்லை. எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் கணக்குப்படி 5.7 முதல் 6.4 சதவீதம் வரை முன்நீரிழிவு, அதாவது சர்க்கரை கூடியிருந்தும் நீரிழிவு அளவை எட்டாத நிலை; 6.5-இல் இருந்து நீரிழிவு. வெறும் வயிற்று இரத்தச் சர்க்கரை என்றால் ஒரு டெசிலிட்டருக்கு 100 முதல் 125 மில்லிகிராம் வரை முன்நீரிழிவு. உலக சுகாதார நிறுவனம் இந்தக் கீழ் எல்லையை 110 என்று வைத்திருக்கிறது. அதனால் 104 என்று வந்த ரிப்போர்ட்டை ஒருவர் 'நார்மல்' என்பார், இன்னொருவர் எச்சரிப்பார். குழம்ப வேண்டாம். இரத்தச்சோகை இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவு எச்பிஏ1சியைக் கூட்டிக் காட்டக்கூடும்.

சாப்பாட்டை மாற்றினால் நிஜமாகவே பயன் உண்டா? எப்படியும் வரத்தானே போகிறது?

'எப்படியும் வரும்' என்பது தவறு. அமெரிக்காவில் முன்நீரிழிவு உள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2002-இல் வெளிவந்தது. உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது என்ற இலக்கோடு உணவையும் மாற்றியவர்களிடம் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர்களிடம் 31 சதவீதம். 80 கிலோ இருப்பவருக்கு 7 சதவீதம் என்றால் ஐந்தரை கிலோ சொச்சம்தான். ஒல்லியாக வேண்டியதில்லை. எடை ஏற்கெனவே சரியாக இருப்பவர்கள் இளைக்கக் கிளம்ப வேண்டாம். அவர்களுக்கு அளவும் நடையும் போதும்.

அரிசியை விட்டுக் கோதுமைக்கு மாறிவிட்டேன். சரிதானே?

எவ்வளவு சாப்பிடுகிறீர்கள்? அதைச் சொல்லாமல் பதில் இல்லை. சமைக்காத அரிசியிலும் கோதுமை மாவிலும் மாவுச்சத்து ஏறக்குறைய ஒன்றுதான்.

மன்னிக்கவும் மேடம், ஒப்புக்கொள்ள மாட்டேன். என் அப்பா சோற்றை நிறுத்தி ரொட்டிக்கு மாறினார், மூன்று மாதத்தில் சர்க்கரை இறங்கியது. கண்ணால் பார்த்தது.

நீங்கள் பார்த்ததை நான் மறுக்கவில்லை, காரணத்தைத்தான் மறுக்கிறேன். 100 கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. ஒரு ரொட்டித் துண்டில் 14, 15. ஆக 100 கிராம் சோறு என்பது இரண்டு துண்டு. ஒரு வேளைக்கு 300 கிராம் சோறு சாதாரணமாக உள்ளே போய்விடும். யாரும் அதை எண்ணுவதில்லை. அதே ஆளிடம் ஆறு துண்டு ரொட்டியை நீட்டினால் "ஆறா!" என்பார், மூன்றோடு எழுந்துவிடுவார். உங்கள் அப்பாவுக்குக் கைகொடுத்தது அந்த எண்ணிக்கை.

அப்படியென்றால் முழுக் கோதுமைக்கு எந்த மேன்மையும் இல்லையா? நார்ச்சத்து?

உண்டு. முழுத் தானியத்தில் நார் அதிகம், வெள்ளை அரிசியைவிட அது மேல்தான். தவிட்டோடு இருக்கும் அரிசிக்கும் இதே வாதம் பொருந்தும். ஆனால் நாரை நம்பி இரண்டு மடங்கு சாப்பிட்டால் அந்த மேன்மை அங்கேயே காலி.

(குறுக்கே இன்னொருவர்) இரண்டுமே விஷம். மாவுச்சத்தை அடியோடு நிறுத்துங்கள், தீர்ந்தது வேலை.

விஷம் என்ற சொல்லை இங்கே யாரும் பயன்படுத்த வேண்டாம். மாவுச்சத்தைக் கணிசமாகக் குறைத்தால் சர்க்கரை இறங்கும், உண்மை. பலரால் அதைத் தொடர முடிவதில்லை என்பதும் உண்மை. ஆறு வாரம் வீராப்பாக இருந்துவிட்டு ஏழாவது வாரம் பழைய தட்டுக்குத் திரும்புவதைவிட, வருடம் முழுக்கப் பாதிச் சோறு மேல். பாதித் தட்டுக் காய்கறி, கால் தட்டுப் பருப்போ முட்டையோ மீனோ, மீதிக் காலில் சோறோ ரொட்டியோ. அதோடு, காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரை குறையும்; பாத்திரம்கூட மாற்ற வேண்டாம்.

அக்கா, இரவு சாப்பிடாமல் படுத்தாலும் காலையில் 112 காட்டுகிறது. எப்படி?

நல்ல கேள்வி. விடியற்காலையில் உடலை எழுப்பும் ஹார்மோன்கள் கல்லீரலைத் தூண்டும், அது சேமித்த குளுக்கோஸை வெளியே விடும். முன்நீரிழிவில் கல்லீரல் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை, அதனால் கொஞ்சம் அதிகமாகவே விடும். பட்டினி கிடப்பதால் இதை அடக்க முடியாது. இரவுச் சாப்பாட்டை முன்னதாக, சின்னதாக முடியுங்கள். பிறகு ஒரு 10, 15 நிமிடம் நடங்கள். இயங்கும் தசை, இன்சுலின் உதவி இல்லாமலேயே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். தூக்கம் கெட்டாலும் காலை எண் ஏறும்.

சர்க்கரைக்குப் பதில் தேன்?

தேனில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. மாற்று இல்லை.

சுகர் ஃப்ரீ பிஸ்கட்?

சர்க்கரைதான் இல்லை. மாவு?

மேடம், தேன் இயற்கையானது அல்லவா?

தேனுக்கு மேலே சொன்ன பதில்தான்.

ஆரஞ்சு ஜூஸ், சர்க்கரை போடாமல்?

முதல் பத்தியில் சொன்னேன். மூன்று பழத்தின் சர்க்கரை அரை நிமிடத்தில் இறங்கிவிடும், நார் பெரும்பாலும் சக்கையோடு குப்பைக்குப் போகும். ஒரு ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாகத் தின்னுங்கள்.

பழமே கூடாது என்கிறார்களே?

யார்? முழுப் பழம் சாப்பிடலாம், ஒரு நேரத்துக்கு ஒன்று.

லவங்கப்பட்டைப் பொடி?

வாசனைக்குப் போடுங்கள். சிகிச்சை என்று நம்பாதீர்கள்.

சோற்றை எடை போட்டுத்தான் சாப்பிட வேண்டுமா? தராசு வாங்கவா?

வேண்டாம். ஒரே கிண்ணத்தை வைத்துக்கொண்டு, குவிக்காமல் தலைதட்டி அளந்து பாருங்கள். இப்போது எத்தனை கிண்ணம் என்று தெரிந்த பிறகு அரைக் கிண்ணம் குறையுங்கள். கரண்டியால் போடுகிறவர் வேறு யாராவது என்றால் அவருக்கும் சொல்லிவிடுங்கள்.

எனக்குச் சிறுநீரகக் கோளாறும் இருக்கிறது. நீங்கள் சொன்ன பருப்பு, முட்டை எல்லாம் எடுக்கலாமா?

உங்களுக்கு இங்கே சொன்ன தட்டு பொருந்தாது. புரதத்தையும் பொட்டாசியத்தையும் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சிறுநீரக மருத்துவரைக் கேளுங்கள், அதுவரை எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.