ஸ்பேசர் போட்டபின் ஸ்டீயரிங் நடுக்கம்: முதலில் நட்டைப் பாருங்கள்

வீட்டிலேயே 15 மி.மீ. ஸ்பேசர் (சக்கரத்துக்குப் பின்னால் வைத்து அதை வெளியே தள்ளும் வளையம்) மாட்டியபின் 80 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குகிறது, வீல் பேலன்ஸ் செய்தும் போகவில்லை என்கிறீர்கள். எனக்குப் பயமாக இருப்பது நடுக்கம் இல்லை. நட் நாலே சுற்றில் இறுகிவிடுகிறது என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். தயவுசெய்து அதைச் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

உங்கள் ஸ்டட், அதாவது நட் ஏறும் மரைத்தண்டு, 12 மி.மீ. தடிமன், மரை இடைவெளி 1.5 மி.மீ. அப்படியானால் நாலு சுற்றில் நட் பிடித்திருப்பது வெறும் 6 மி.மீ. ஸ்டட்டின் தடிமன் அளவுக்காவது மரை ஏறவேண்டும், அதாவது குறைந்தது எட்டுச் சுற்று. ஒன்று, நீளமான ஸ்டட் மாற்றுங்கள். இல்லையென்றால் தனி ஸ்டட்டோடு வரும் போல்ட்-ஆன் ஸ்பேசர். ஆனால் 15 மி.மீ.யில் அந்த வகை போட்டால் பழைய ஸ்டட்டின் முனை வெளியே நீட்டி ரிம்மின் பின்பக்கம் இடிக்கலாம். ரிம்மில் அதற்குக் குழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். நானாக இருந்தால் நீள ஸ்டட்தான் போடுவேன்.

சரி, நடுக்கம். ஸ்பேசர் நடுமையத்தில் உட்காரவில்லை என்று நினைக்கிறேன். அதன் நடுத்துளை ஹப்பின் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) விளிம்பைக் கச்சிதமாகக் கவ்வவேண்டும். கையால் அசைத்தால் ஆடவே கூடாது. ரிம் உட்கார ஸ்பேசரின் வெளிப்பக்கத்திலும் அதேபோல் விளிம்பு வேண்டும். ஹப் முகத்தில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷால் சுத்தமாகத் தேய்த்தெடுங்கள், சின்னத் துணுக்கு இருந்தாலும் சக்கரம் கோணும்.

மரையில் கிரீஸ் வேண்டாம். வண்டிக் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள், அப்புறம் 80 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை.