புதுக் கம்ப்யூட்டருக்குக் குடிபோகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் நின்றுவிட்டதால் விண்டோஸ் 11 உள்ள புது டெஸ்க்டாப் வாங்கினேன். பழையதில் இருந்த ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் எடுத்துவந்து போட்டேன். இரண்டு புரோகிராம்கள்தான் ஓடுகின்றன. மற்றவை ‘டிஎல்எல் ஃபைல் இல்லை’ என்கின்றன. எதை விட்டுவிட்டேன்? (வாசகர், தென்காசி)

நிறைய விட்டுவிட்டீர்கள். ஆனால் அவற்றைக் கையால் அள்ளிக்கொண்டு வரவும் முடியாது. ஒரு புரோகிராமை இன்ஸ்டால் செய்யும்போது செட்டப் ஃபைல் பல இடங்களில் கைவைக்கிறது. விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் பதிவுகளை எழுதும், சிஸ்டம்32 ஃபோல்டரில் டிஎல்எல் எனும் துணை ஃபைல்களைப் போடும், புரோகிராம்டேட்டா ஃபோல்டரில் லைசென்ஸை ஒளித்துவைக்கும், உங்கள் விருப்ப அமைப்புகளை ஆப்டேட்டா ஃபோல்டரில் சேமிக்கும். நீங்கள் கொண்டுவந்தது வீட்டின் சுவர்களை மட்டும். மின் இணைப்பும் தண்ணீர்க் குழாயும் பழைய மனையிலேயே இருக்கின்றன. ஓடுகிற அந்த இரண்டும் ‘போர்ட்டபிள்’ வகையாக இருக்கும். தமக்கு வேண்டியதையெல்லாம் ஒரே ஃபோல்டரில் வைத்திருப்பவை அவை.

விஸ்டா, விண்டோஸ் 7 காலத்தில் ‘ஈஸி டிரான்ஸ்ஃபர்’ என்றொரு வசதி உண்டு. அதுவும் ஃபைல்களையும் செட்டிங்குகளையும்தான் நகர்த்தியது, புரோகிராம்களை அல்ல. பிசிமூவர் போன்ற கட்டண மென்பொருள்கள் புரோகிராம்களையும் நகர்த்தும். ஆனால் பத்து வருடக் குப்பையும் கூடவே வரும். பத்துப் பதினைந்து புரோகிராம்கள்தான் என்றால் புதிதாக இன்ஸ்டால் செய்வதே மேல்.

பழைய கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ், ஆப்ஸ் பகுதியைத் திறந்து முழுப் பட்டியலையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் செட்டப் ஃபைல், சீரியல் எண், லாகின் மூன்றும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த எம்எஸ் ஆஃபீஸ் பெரும்பாலும் அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டுமே உரியது. தனியாக வாங்கியது என்றால் மாற்றிக்கொள்ளலாம்.

ஃபைல்களில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாருக்கும் நினைவில் இருக்கும். மறந்துபோவது மற்றவைதான். அவுட்லுக்கில் மெயில்களைச் சேமித்துவைக்கும் பிஎஸ்டி ஃபைல் இருந்தால் கட்டாயம் எடுங்கள். ஓஎஸ்டி என்பது சர்வரில் உள்ள மெயிலின் நகல், அது வேண்டாம். குரோமின் ஃபோல்டரைக் காப்பி செய்தால் பாஸ்வேர்டுகள் வராது. பழைய விண்டோஸ் கணக்கின் சாவியால் அவை பூட்டப்பட்டிருக்கின்றன. கூகுள் கணக்கில் சிங்க் செய்யுங்கள், அல்லது சிஎஸ்வி ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து புதியதில் ஏற்றிய கையோடு அந்த ஃபைலை அழித்துவிடுங்கள். அதில் உங்கள் பாஸ்வேர்டுகள் எல்லாம் வெட்டவெளிச்சமாக இருக்கும்.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவ் ஓடிக்கொண்டிருந்தால் ஃபைல்களின் பக்கத்தில் மேகக் குறி தெரிகிறதா என்று பாருங்கள். மேகம் இருந்தால் ஃபைல் இணையத்தில் மட்டுமே இருக்கிறது. ரைட் கிளிக் செய்து ‘எப்போதும் இந்தச் சாதனத்தில் வைத்திரு’ என்ற பொருளில் உள்ள தேர்வைக் கொடுத்து, இறங்கி முடிந்த பிறகு காப்பி செய்யுங்கள்.

64 ஜிபி பென் டிரைவில் 40 ஜிபி காலியாக இருக்கிறது. 6 ஜிபி கல்யாண வீடியோவைப் போட்டால் ‘ஃபைல் மிகப் பெரியது’ என்கிறது. (வாசகி, காரைக்குடி)

பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது. அதில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். யுஎஸ்பி 3.0 துளையில் செருகுங்கள். பல கம்ப்யூட்டர்களில் அதன் உட்புறம் நீலமாக இருக்கும். யுஎஸ்பி 2.0-ல் நொடிக்கு 30 எம்பி அளவில்தான் போகும் என்பதால், 200 ஜிபிக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். சின்னச் சின்ன ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இன்னும் இழுக்கும்.

கணக்கு எழுதும் மென்பொருளான டாலி பிரைமைப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டும். எந்த வரிசையில் செய்வது? (கணக்கர், ஈரோடு)

வரிசையைக் கேட்டது நல்லது. பலர் தடுக்கி விழுவது அங்கேதான். முதலில் ஆல்ட்+ஒய் அழுத்தி பேக்கப் எடுங்கள். பிறகு டாலியை மூடிவிட்டு டேட்டா ஃபோல்டரையும் முழுதாகக் காப்பி செய்யுங்கள். கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் அதன் பாதை தெரியும். உள்ளே ஒவ்வொரு கம்பெனிக்கும் எண் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதன் பிறகு இணைய இணைப்போடு எஃப்1, செட்டிங்ஸ், லைசென்ஸ் வழியாகப் போய் லைசென்ஸை சரண்டர் செய்யுங்கள், அதாவது பழைய கம்ப்யூட்டரிலிருந்து விடுவியுங்கள். கடைசியில்தான் புதியதில் இன்ஸ்டால் செய்து, சீரியல் எண்ணும் பதிவு செய்த மெயில் முகவரியும் கொடுத்து ஆக்டிவேட் செய்ய வேண்டும்.

புதியதில் போடும் டாலி அதே ரிலீஸாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்கட்டும். பிந்திய ரிலீஸில் மாற்றிய டேட்டாவைப் பழைய ரிலீஸ் திறக்காது. ஆகவே அந்த பேக்கப்பை உடனே அழித்துவிடாதீர்கள்.

ஜிஎஸ்டி, வருமான வரிக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கு (யுஎஸ்பி துளையில் செருகுவது) எதையும் காப்பி செய்ய வேண்டியதில்லை. சாவி டோக்கனுக்குள்ளேயே இருக்கிறது. புதியதில் அதற்குரிய டிரைவரையும் அந்தந்தத் தளம் கேட்கும் கையொப்ப மென்பொருளையும் போட்டால் போதும்.

பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஃபைல்கள் புதுக் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துகளாகவும் அரைப்புள்ளிகளாகவும் தெரிகின்றன. ஃபைல் கெட்டுவிட்டதா? (டிடிபி மையம், திண்டுக்கல்)

கெடவில்லை. பாமினி, தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறியீடு தரும் யூனிகோடு முறை எழுத்துரு அல்ல. ஃபைலில் பதிவாகியிருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடுதான். அந்த இடங்களில் தமிழ் உருவத்தை வரைந்து காட்டுவது எழுத்துரு. அது இல்லையென்றால் உள்ளே இருப்பது அப்படியே தெரிகிறது. பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குள் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பாமினியோடு நீங்கள் பயன்படுத்திய எல்லா எழுத்துருக்களையும் எடுத்துவந்து, ரைட் கிளிக்கில் எல்லாப் பயனர்களுக்குமாக இன்ஸ்டால் செய்யுங்கள்.

யூனிகோடுக்கு மாற்ற நினைத்தால் தமிழ்ப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றியில் இடுங்கள். இடையில் வரும் ஆங்கிலப் பெயர்களையும் சேர்த்துக் கொடுத்தால் அவையும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும்.

மளிகைக் கடை பில் போடும் பழைய டாஸ் ஃபாக்ஸ்புரோ புரோகிராம் விண்டோஸ் 11-ல் திறக்கவே இல்லை. (வாசகர், விருதுநகர்)

திறக்காது. 64-பிட் விண்டோஸில் டாஸ் புரோகிராம்களை ஓட்டும் பகுதியே கிடையாது. விண்டோஸ் 11-க்கோ 32-பிட் பதிப்பு இல்லை. உங்கள் டேட்டா இருக்கும் டிபிஎஃப் ஃபைல்கள் உட்பட ஃபோல்டர் முழுவதையும் காப்பி செய்து, பழைய டாஸைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு டாஸ் எமுலேட்டருக்குள் ஓட்டுங்கள். டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காகச் செய்யப்பட்டது. பிரிண்ட் எடுக்க வேண்டிய உங்களுக்கு டாஸ்பாக்ஸ்-எக்ஸ் அல்லது விடாஸ் பொருத்தம். நூறு பில்லாவது போட்டுப் பார்த்துவிட்டுப் பழையதை ஓரங்கட்டுங்கள்.

பழைய லேப்டாப் ஆன் ஆகவே இல்லை. உள்ளே இருக்கும் படங்களை எடுக்க முடியுமா? (வாசகி, நாகர்கோவில்)

ஹார்ட் டிஸ்க் நன்றாக இருந்தால் முடியும். 2.5 அங்குல டிஸ்க் என்றால் சாட்டா–யுஎஸ்பி கேபிள் ஒன்று போதும், தனி மின்சாரம் வேண்டாம். டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்க்குக்குத்தான் 12 வோல்ட் அடாப்டர் தேவை. சின்னப் பட்டை போன்ற எம்.2 டிஸ்க் என்றால் அது என்விஎம்இ, சாட்டா ஆகிய இரண்டு இணைப்பு வகைகளில் எது என்று லேபிளைப் படித்த பிறகு, அதைப் பொருத்தி யுஎஸ்பியில் இணைக்கும் உறை வாங்குங்கள். ஒன்றுக்கானது மற்றொன்றுக்கு உதவாமல் போகலாம். மலிவு லேப்டாப் சிலவற்றில் சேமிப்புச் சில்லு போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்ற முடியாது.

இணைத்ததும் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்டால் எக்காரணம் கொண்டும் சரி சொல்லாதீர்கள். ‘அனுமதி இல்லை’ என்றால் ‘கன்டின்யூ’ கொடுத்துக் காத்திருங்கள். படங்கள் நிறைய இருந்தால் உரிமை மாற நேரம் பிடிக்கும். 48 இலக்க எண் கேட்டால் விண்டோஸின் டிஸ்க் பூட்டு வசதியான பிட்லாக்கரால் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது. அந்த லேப்டாப்பில் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் வேறொரு கருவியிலிருந்து நுழைந்து, ரெக்கவரி கீ பகுதியில் தேடுங்கள். அங்கும் வேறெங்கும் அந்த எண் கிடைக்கவில்லையென்றால், எந்தக் கடைக்காரராலும் அதைத் திறக்க முடியாது. பணத்தை வீணாக்க வேண்டாம்.