குழாயின் கடைசி வீடு: கடிதமும் பதிலும்

ஐயா,

பினாங்கு எடுக்கும் மூடா ஆற்று நீருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட் வேண்டும் என்று அண்டை மாநிலமான கெடாவின் அரசு கேட்கும் செய்தி வந்தாலே, எங்கள் தாமான் (குடியிருப்பு) வாட்சப் குழுவில் பேச்சு ‘மலாய்க்காரர் மாநிலம், சீனர் மாநிலம்’ என்று திரும்பிவிடுகிறது. கெடா நினைத்தால் தண்ணீரை அடைக்க முடியுமா? காவிரியை வைத்து 1991இல் பெங்களூரில் நடந்த கலவரம் இங்கேயும் நடக்குமா?

வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள நண்பருக்கு,

அடைப்பது லேசான காரியமில்லை. பினாங்கின் கச்சா நீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு மூடாவிலிருந்து வருகிறது, உண்மைதான். ஆனால் கடலை நெருங்கும் இடத்தில் அந்த ஆறே இரு மாநில எல்லை. லாஹார் தியாங்கில், பினாங்குக் கரையில் நீரை எடுத்து சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். கெடாவில் இருக்கும் பெரிஸ் அணை வறட்சியில் ஆற்றின் மட்டத்தைத் தாங்கிப்பிடிப்பது. அதை மூடினால் கெடாவின் சுங்கைப்பட்டாணி வட்டாரமும் சேர்ந்தே காயும். அவர்களும் அதே ஆற்றில்தான் நீர் எடுக்கிறார்கள்.

பயப்பட வேண்டியது மெதுவாக நடப்பதற்கு. மூடா அணையின் நீர் சுரங்கவழியாகப் பெடு அணைக்கு, நெல்வயலுக்காக, ஏற்கெனவே திரும்பிவிட்டது. ஆற்றுக்கு நீர் தரும் கெடாவின் உலு மூடா காட்டில் மரம் வெட்ட வெட்ட ஆற்றில் வண்டல் ஏறும், கோடையில் ஊற்று குறையும். ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் ஓடும் ஆறு, ஒப்பந்தம் இல்லாதவரை, கூட்டரசின் (மத்திய அரசின்) அதிகாரப் பட்டியலில் வருகிறது. காடும் நிலமுமோ மாநிலத்தின் கையில். சிக்கல் முழுக்க இந்த இடைவெளியில்தான்.

பினாங்குக்கு மெங்குவாங் அணை இருக்கிறதே என்பார்கள். கொள்ளளவு 8,640 கோடி லிட்டர். மாநிலம் நாளொன்றுக்கு 80 கோடி லிட்டருக்கு மேல் செலவழிக்கிறது. வகுத்துப் பார்த்தால் மூன்று மாதம் ஓடும். ஆனால் அது மழையை மட்டும் நம்பிய அணை அல்ல, ஆற்றில் உபரி உள்ளபோது பம்ப் வைத்து ஏற்றி நிரப்புவது. மூடாவுக்கு மாற்று என்பதைவிட மூடாவின் உண்டியல் என்றால் பொருந்தும்.

இனி பெங்களூர். 1991 ஜூனில் கர்நாடகம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 205 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) நீர் விட வேண்டும் என்று காவிரி நடுவர் மன்றம் இடைக்கால ஆணை போட்டது. டிசம்பரில் அது அரசிதழில் வந்ததும் கலவரம். அடிபட்டவர்களில் பலர் பெங்களூரின் ஏழைக் குடியிருப்புகளில் இருந்த தமிழர்கள். அவர்கள் வயலுக்குக் காவிரி பாயவில்லை. கைக்கெட்டிய தூரத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான். 2006 ஜூலையில் இலங்கையின் மாவிலாறு வேறு வகை: ஒரே மதகு, அது புலிகளின் கையில், கீழே காய்ந்தது பிறர் வயல். சில வாரங்களில் முழுப் போர்.

பினாங்கில் அப்படி இனத்துக்கொரு வாய்க்கால் கிடையாது. 2024 ஜனவரியில், தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் முன்பு, சுங்கை டுவாவில் 1,200 மில்லிமீட்டர் வால்வுகள் இரண்டை மாற்ற வேண்டியிருந்தபோது ஏறக்குறைய மாநிலமே வறண்டது. எல்லாருக்கும் ஒரே குழாய்.

எனக்கு உறுத்துவது அதற்கு அடுத்த கட்டம். வேலை முடிந்ததும் காலியான குழாய்கள் நிரம்ப வேண்டும். பள்ளத்தில் இருப்பவருக்கும் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் முதலில் வரும். மேட்டிலும் குழாயின் கடைக்கோடியிலும் கடைசியில் வரும், நடுவில் காற்று அடைத்துக்கொண்டால் இன்னும் தாமதமாகும். இது வெறும் நீரழுத்தக் கணக்கு. ஆனால் கடைக்கோடித் தாமானில் ஓர் இனத்தார் மட்டும் அதிகமாக இருந்துவிட்டால், பக்கத்துத் தாமானில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டதும் வாட்சப்பில் கதை வேறாகிவிடும். தண்ணி லோரி எந்த முனையில் முதலில் நின்றது என்பதும் அப்படியே. வட்டாரவாரியாக எப்போது திரும்பும், ஏன் அந்த வரிசை, லோரி எத்தனை மணிக்கு எங்கே நிற்கும் என்பதையெல்லாம் தடைக்கு முன்பே, தமிழ் உட்பட எல்லா மொழியிலும் ஒட்டிவிட்டால் வதந்திக்குப் பாதி வேலை போய்விடும். உங்கள் குழுவில் கேட்டுவாங்க வேண்டியது இந்தப் பட்டியலைத்தான். கெடா மந்திரி பெசார் (முதலமைச்சர்) என்ன சொன்னார் என்பதை விட்டுத்தள்ளுங்கள்.

வீட்டுக்கு: 200 கேலன் தொட்டி ஐந்து பேருக்குச் சிக்கனமாக இரண்டு நாள் தாங்கும். தண்ணீர் திரும்பியதும் முதலில் வாசல் குழாயைத் திறந்து பழுப்பு நீரை ஓடவிடுங்கள். தெளிந்த பிறகு தொட்டிக்கு விடலாம். வடிகட்டியையும் ஹீட்டரையும் அதுவரை அடைத்தே வையுங்கள்.