போயிட்டு வாரனுங்க, இத்தெகிமாஸ்!

பள்ளிகளுக்கிடையே நடக்கும் ஜப்பானிய மொழி, பண்பாட்டுப் போட்டிகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அந்த மொழியைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இங்கே பதில் சொல்கிறார்கள். ஜப்பானியச் சொற்களைத் தமிழெழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். அதில் உள்ள வில்லங்கம் இரண்டாவது பதிலில் இருக்கிறது.

பையன் ஒன்பதாவது படிக்கிறானுங்க. ஆறு மாசமா ஜப்பானிய மொழி படிக்கிறான். போட்டியில் பேர் குடுக்கலாமான்னு கேக்கிறான். என்னென்ன கேப்பாங்க? ஆறு மாசப் படிப்பு பத்துமா?
– ஒரு தந்தை, திருப்பூர்

தாராளமாகக் கொடுக்கலாம். இவ்வகைப் போட்டிகளுக்குப் பேர்போன முன்மாதிரி அமெரிக்காவில் நடக்கும் ‘ஜப்பான் பவுல்’. வாஷிங்டனில் உள்ள ஜப்பான்-அமெரிக்கா சங்கம் 1992-இல் தொடங்கியது. உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். மொழியோடு வரலாறு, புவியியல், பண்டிகை, நடப்புச் செய்தி எல்லாம் கேட்பார்கள். எத்தனை ஆண்டு படித்தவர்கள் என்பதைப் பார்த்துத் தனித்தனி நிலைகளில் மோத விடுவார்கள்.

நம் பக்கத்துப் போட்டிகளில் வினாடி வினா, பேச்சு, எழுத்து, செய்முறை என்று பிரிப்பது வழக்கம். ஆறு மாதம் ஒழுங்காகப் படித்த பையனுக்கு ஹிரகானா, கதகானா என்ற இரண்டு ஒலியெழுத்து வரிசைகளில் தலா 46 எழுத்துகளும், கான்ஜி என்னும் சீன எழுத்துகளில் நூறும் கைவந்திருக்க வேண்டும். அது வந்திருந்தால் தொடக்கநிலைப் பிரிவு போதும். இன்னும் கதகானாவில் தடுமாறுகிறான் என்றால் இந்த ஆண்டு செய்முறைப் பிரிவில் மட்டும் சேருங்கள். மூன்று பேர் குழு என்றால் மூவரும் எல்லாவற்றையும் படிக்கக் கூடாது. ஒருவருக்கு இலக்கணம், ஒருவருக்கு வரலாறும் புவியியலும், ஒருவருக்குப் பண்டிகை, உணவு, கலை என்று பங்கு போட்டுக்கொள்ளட்டும்.

‘கெங்கி தெஸு’ன்னு சொன்னா நடுவர் ரெண்டு தடவை திருப்பிக் கேட்டாருங்க. எழுத்துத் தேர்வில் நல்ல மார்க் வாங்குறேன். உச்சரிப்பில்தான் போகுது. எங்கே தப்பு?
– பத்தாம் வகுப்பு மாணவி, கோபிசெட்டிபாளையம்

தப்பு உங்கள் நாக்கில் இல்லை அம்மணி, தமிழெழுத்தின் பழக்கத்தில் இருக்கிறது. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு ‘பக்கம்’ என்று சொல்லுங்கள். ‘க்க’ வரும்போது அதிர்வு நின்றுவிடும். ‘தங்கம்’ என்று சொல்லுங்கள். ‘ங்க’ வரும்போது விரலில் அதிர்வு தெரியும். தமிழில் சொல்லின் முதலில் வரும் வல்லினம் அதிராது, மெல்லினத்துக்குப் பின்னால் வந்தால் அதிரும். யாரும் சொல்லிக் கொடுக்காமலே நமக்கு வந்துவிட்ட விதி இது.

‘நலம்’ என்று பொருள்படும் அந்தச் சொல்லில் முதல் ‘கெ’ அதிர வேண்டும், ‘ங்’குக்குப் பின்னால் வரும் ‘கி’ அதிரக் கூடாது. நாம் சரியாகத் தலைகீழாகச் சொல்கிறோம்! ‘எளிது’ என்ற பொருளில் வரும் ‘கந்தன்’ என்ற சொல்லும் இதே கண்ணிதான். முருகன் பெயரைச் சொல்வதுபோல் சொன்னால் நடுவருக்குப் புரியாது; ‘ந்’துக்குப் பின்னால் வரும் ‘த’ அதிராமல் வர வேண்டும்.

உயிரெழுத்துகளுக்கு நடுவே வரும் ஒற்றை வல்லினம் அடுத்த சிக்கல். சீமைப் பனிச்சைப் பழத்துக்கும் சாவிக்கும் தமிழெழுத்தில் ‘ககி’ என்றுதான் எழுத முடியும். பழத்தில் நடு எழுத்து அதிராது, சாவியில் அதிரும். சரி, அதிராமல் சொல்ல ஒற்றுப் போட்டு ‘க்க’ என்று அழுத்தலாமே என்றால், அங்கே வேறு சொல் வந்துவிடும். ‘சக’ என்றால் மேடு, ‘சக்க’ என்றால் எழுத்தாளர். ‘ஒதொ’ என்றால் ஓசை, ‘ஒத்தொ’ என்றால் கணவர். ஓசை பெரிதாக இருக்கிறது என்று சொல்லப்போய் வீட்டுக்காரர் பருமனாக இருக்கிறார் என்று ஆகிவிடும். ‘சைக்கிள்’ என்று வேகமாகச் சொல்லும்போது வரும் ‘க்’ அளவுதான் வேண்டும்: அதிராது, அழுந்தாது.

கால அளவில் நமக்கு ஒரு வசதி. நம் இலக்கணத்தில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. ஜப்பானியத்திலும் குறில் ஒன்று, நெடில் இரண்டு. ஒற்றுக்கு மட்டும் அரைக்குப் பதில் முழு ஒன்று. ‘நிப்பொன்’ (ஜப்பான்) நம் கணக்கில் மூன்று மாத்திரை, அவர்கள் கணக்கில் நான்கு தட்டு. கைதட்டிச் சொல்லிப் பழகுங்கள். ‘ஒபசான்’ அத்தை, ‘ஒபாசான்’ பாட்டி; குறில் நெடில் தெரிந்த பிள்ளை இதில் தவறவே கூடாது. தேதியில் நான்கு ‘யொக்க’, எட்டு ‘யோக’. இரண்டையும் குழப்புவதுதான் வினாடி வினாவில் அதிகம் நடக்கும் தவறு. ஒன்றில் ஒற்று, மற்றதில் நெடில் என்று காதில் பிரித்து வையுங்கள். ஹைக்கூவின் 5-7-5 கணக்கும் இந்தத் தட்டுகள்தான். தமிழ் அசை எண்ணிப் பார்த்தால் கணக்கு உதைக்கும்.

மாணவர்களுக்கு இங்கிலீஷ் இலக்கணப் புத்தகம் வைத்து நடத்துகிறேன். இடைச்சொற்களில் எல்லோரும் திணறுகிறார்கள். வேறு வழி உண்டா?
– ஓர் ஆசிரியை, பெருந்துறை

புத்தகத்தை மூடிவிட்டு வேற்றுமை உருபைத் திறவுங்கள். ‘நேற்று அண்ணனோடு பஸ்ஸில் ஈரோட்டுக்குப் போனேன்’ என்பதை ‘கினோ, அனி தொ, பஸு தெ, ஈரோடோ நி, இகிமாஷித’ என்று சொல்வார்கள். சொல்லுக்குச் சொல் அதே வரிசை. ‘தொ’ நம் ‘ஓடு’, ‘தெ’ நம் ‘இல்’, ‘நி’ நம் ‘கு’, ‘மொ’ நம் ‘உம்’. இங்கிலீஷ் வழியாகப் போனால் வாக்கியத்தை ஒருமுறை தலைகீழாக்கி மறுபடி நிமிர்த்த வேண்டும்.

துணைவினை இன்னும் நெருக்கம். ‘தபெதெ மிரு’ சாப்பிட்டுப் பார்ப்பது. ‘தபெதெ ஷிமவு’ சாப்பிட்டுவிடுவது. ‘கைதெ ஒகு’ எழுதி வைப்பது. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஜப்பானியர் சொல்வது ‘இத்தெகிமாஸ்’, அதாவது போய் வருகிறேன். நம் ஊரில் ‘போறேன்’ என்று சொன்னால் அபசகுனம்; ‘போயிட்டு வாரனுங்க’ என்போம். அதே ஆள், அதே வாசல்படி. கொங்கு ‘ங்க’ போடுகிற இடத்திலெல்லாம் ‘தெஸு, மாஸு’ போடலாம் என்று சொல்லிக் கொடுத்தால் மரியாதை வடிவம் பத்து நிமிடத்தில் பிடிபடும்.

ஆனால் தமிழ் காலை வாரும் இடங்களும் உண்டு. அவற்றைத் தனிப் பட்டியலாகக் கரும்பலகையில் நிரந்தரமாக எழுதி வையுங்கள். ‘வீட்டில் இருக்கிறேன்’, ‘வீட்டில் படிக்கிறேன்’ இரண்டிலும் நமக்கு ஒரே ‘இல்’. அவர்களுக்கு இருப்புக்கு ‘நி’, செயலுக்கு ‘தெ’. நண்பனை என்று ‘ஐ’ போட்டுச் சந்திப்போம். அங்கே நண்பனுக்கு ‘நி’ வரும். ‘எனக்குப் பிடிக்கும்’ என்பதில் ‘எனக்கு’ என்ற எண்ணமே கூடாது: ‘நான்’ என்பதோடு ‘வ’, பிடித்த பொருளோடு ‘க’ (அதிரும் க). இருக்கிறது என்பதற்கு உயிருள்ளவைக்கு ‘இரு’, உயிரற்றவைக்கு ‘அரு’. நம் திணைப்படி மாடு அஃறிணை என்பதால் பிள்ளைகள் ‘அரு’ போட்டுவிடுவார்கள். காங்கேயம் காளைக்கும் ‘இரு’தான்.

அகரவரிசையையும் விட்டுவிடாதீர்கள். அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. சமஸ்கிருத ஒலியியலைப் பௌத்தத் துறவிகள் படித்ததன் வழியே வந்த வரிசை அது. நம் ‘ப’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஹ’ இருப்பதற்கும் காரணம் உண்டு: அது பழங்காலத்தில் ‘ப’ ஒலியாக இருந்தது. தமிழ்ப் பிள்ளை ஜப்பானிய அகராதியை ஒரே நாளில் புரட்டக் கற்றுக்கொள்ளும்.

மூணு நிமிஷப் பேச்சுக்கு எவ்வளவு எழுதணும்? தமிழில் எழுதி செல்போனில் மொழிபெயர்த்துக்கலாமா?
– பதினோராம் வகுப்பு மாணவர், ஈரோடு

தம்பி, செல்போன் மொழிபெயர்ப்பு ஒரு வரியில் ‘மாஸு’ போடும், அடுத்த வரியில் சிநேகிதனோடு பேசும் வடிவம் போடும். கலெக்டர் முன்னால் நின்று ‘வாங்க, உக்காரு’ என்று சொல்வதுபோல் இருக்கும். நடுவருக்கு இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அவர் கேட்கும் கேள்விக்கு உங்களால் பதில் சொல்ல முடியாது. மதிப்பெண் அங்கேதான் சரியும்.

ஜப்பானிய அறிவிப்பாளர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 எழுத்து வாசிப்பார். நீங்கள் 200, 220 என்று வையுங்கள். மூன்று நிமிடத்துக்கு 600 முதல் 660 எழுத்து, அதாவது 20-க்கு 20 கட்டம் போட்ட 400 கட்டத் தாளில் ஒன்றரைத் தாளுக்குக் கொஞ்சம் கூட. அந்தத் தாளில் மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாக எழுத வேண்டும். பத்தி தொடக்கத்தில் ஒரு கட்டம் காலி. முற்றுப்புள்ளிக்கு ஒரு கட்டம் உண்டு, ஆனால் அது புது வரியின் தலையில் வரக் கூடாது. இடம் இல்லையென்றால் கடைசிக் கட்டத்திலேயே அடக்குங்கள். ஒற்றுக்கான சின்ன ‘த்ஸு’வுக்கும் தனிக் கட்டம்.

பொருள் தேடி டோக்கியோவுக்குப் போகாதீர்கள். சகுராவை (செர்ரிப் பூவை)ப் பற்றி நடுவர்கள் கேட்டுச் சலித்திருப்பார்கள். மஞ்சள் மண்டி உங்கள் ஊரில் இருக்கிறது. மஞ்சளுக்கு அங்கே ‘உகொன்’ என்று பெயர்; முள்ளங்கி ஊறுகாயில் நிறத்துக்குப் போடுவார்கள். பவானி ஜமக்காளம் என்றால் ‘தெஒரி’ (கைத்தறி), ‘ஷிகிமொனொ’ (விரிப்பு) என்ற இரண்டு சொல் போதும். கியோட்டோவின் நிஷிஜின் நெசவோடு ஒப்பிட்டால் பேச்சு நிற்கும். பின்னலாடைக்குப் பழைய ஜப்பானியச் சொல் ‘மெரியஸு’. ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்துக் காலுறைச் சொல்லிலிருந்து போனது. நம் ‘பொத்தான்’, அவர்களின் ‘பொதன்’ இரண்டும் போர்த்துக்கீசியம் தந்தவை.

உங்கள் பெயரோடு ‘சான்’ என்ற மரியாதை ஒட்டைச் சேர்க்காதீர்கள். சொந்த அப்பா அம்மாவை மேடையில் ‘சிசி’, ‘ஹஹ’ என்றுதான் சொல்ல வேண்டும். நடுவரை ‘அநத’ (நீங்கள்) என்று அழைத்தால் முகம் சுளிப்பார். ‘சென்செய்’ (ஆசிரியர்) என்று சொல்லுங்கள்.

கிமோனோ கட்டிக் காட்டும்போது எந்தப் பக்கம் மேலே வரணும்?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, பொள்ளாச்சி

கட்டியிருப்பவரின் இடப்பக்கத் துணி மேலே, வலப்பக்கத் துணி உள்ளே. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதுதான். வலக்கை மார்புப் பக்கம் எளிதாக நுழைகிறதா என்று பாருங்கள், நுழைந்தால் சரி. மாற்றிக் கட்டுவது பிணத்துக்கு. செல்பி எடுத்துச் சரிபார்த்தால் படம் இடவலம் மாறி ஏமாற்றிவிடும், பலர் அப்படித்தான் மாட்டுகிறார்கள். சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைப்பதும், குச்சியிலிருந்து குச்சிக்கு உணவு மாற்றுவதும் சாவுச் சடங்கு சார்ந்தவை. செய்முறையில் வந்துவிட்டால் மதிப்பெண் போகும்.

சீனியர் அக்கா கொடுத்த வினாடி வினா நோட்டு இருக்குங்க. அதையே படிச்சாப் போதுமா?
– பத்தாம் வகுப்பு மாணவர், சேலம்

நோட்டு எந்த ஆண்டினுடையது என்று முதலில் பாருங்கள். வயதுவந்தோர் வயது 20 என்று இருந்தால் அடித்துவிட்டு 18 என்று எழுதுங்கள். 2022 ஏப்ரல் 1 முதல் மாறிவிட்டது. மதுவுக்கும் புகைக்கும் இன்னும் 20தான். ஜப்பானில் 6,852 தீவு என்று இருந்தால் அதுவும் பழசு. 2023-இல் மறுபடி எண்ணி 14,125 என்று அறிவித்தார்கள். 2024 ஜூலை 3 முதல் பணத்தாள்கள் புதியவை: 10,000 யென்னில் ஷிபுசவா எய்இச்சி, 5,000-இல் த்சுதா உமெகோ, 1,000-இல் கிதசாதோ ஷிபசபுரோ. ரெய்வா (இப்போதைய பேரரசரின் ஆட்சிக்காலக் கணக்கு) ஆண்டுக்கு 2018-ஐக் கழித்தால் போதும். 2025 என்றால் ரெய்வா 7.

மாறாதவை இருக்கின்றன: மாவட்டம் போன்ற பிரிவுகள் 47, ஃபூஜி மலை 3,776 மீட்டர், பெரிய ஏரி பிவா, டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஷின்கான்சென் அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது 1964 அக்டோபர் 1. இந்திய நடுவர் இருந்தால் பென்சாய்தென் யார் என்று கேட்காமல் விடமாட்டார்: நம் சரஸ்வதி. நாராவின் பெரிய புத்தர் சிலைக்கு 752-இல் கண் திறந்து வைத்தவர் இந்தியத் துறவி போதிசேனர்.

ஜேஎல்பிடி என்5 பாஸ் பண்ணிட்டா போட்டியில் ஜெயிச்ச மாதிரிதானுங்களா?
– ஒரு தாய், கரூர்

இல்லைங்க. ஜேஎல்பிடி என்பது ஜப்பானிய மொழித் திறன் தேர்வு, என்5 அதன் தொடக்க நிலை. அந்தத் தேர்வில் பேச்சே கிடையாது. என்5-இல் சொல் 20 நிமிடம், இலக்கணமும் வாசிப்பும் 40, கேட்டல் 30. மொத்தம் 180-க்கு 80 எடுக்க வேண்டும். அதோடு மொழி, வாசிப்புப் பகுதியில் 120-க்கு 38-உம் கேட்டலில் 60-க்கு 19-உம் தனித்தனியாக வேண்டும். கேட்டலில் 18 எடுத்தால் மொத்தம் 120 வந்தாலும் தோல்விதான். மனப்பாடப் பிள்ளைகள் விழுவது அங்கே. போட்டிக்குக் காது பழக்கினால் தேர்வுக்கும் ஆகும். தேர்வுக்கு மட்டும் படித்தால் போட்டியில் வாய் திறக்காது.

கதகானாவில் ஷி, த்ஸு ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதுங்க.
– எட்டாம் வகுப்பு மாணவி, நாமக்கல்

சின்னக் கோடுகள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று பாருங்கள். ‘ஷி’யில் இடது ஓரமாக ஒன்றின்கீழ் ஒன்று நிற்கும்; நீளக் கோடு கீழிருந்து மேலே ஏறும். ‘த்ஸு’வில் மேல் ஓரமாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், நீளக் கோடு மேலிருந்து கீழே இறங்கும். ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தால், ஏறுவது ‘ன்’, இறங்குவது ‘ஸொ’. பால்பாயின்ட் பேனாவை விட்டுப் பென்சிலில் எழுதுங்கள். கோடு எங்கே தொடங்கி எங்கே மெலிகிறது என்று அதில்தான் தெரியும்.

தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம் என்று பேச்சில் சொல்லலாமா?
– பதினோராம் வகுப்பு மாணவர், தாராபுரம்

மொழியறிஞர் சுசுமு ஓனோ அப்படி ஒரு தொடர்பை வாதிட்டார் என்று சொல்லுங்கள், அது உண்மை. பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை என்பதையும் அடுத்த வரியிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நடுவரின் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.