அண்ணனின் மருத்துவப் பதிவுகளைத் தம்பி கேட்டுப் பெற முடியுமா?

தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய அண்ணனின் கேஸ் ஷீட் நகலைக் காப்பீட்டுக்காகக் கேட்டபோது, தனியுரிமையைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார்கள் என்றும், உடன்பிறந்தவனுக்கே உரிமை இல்லையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவில் பணிபுரிபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அண்ணன் சுயநினைவோடு இருக்கையில் தம்பி என்ற உறவு மட்டும் போதாது, அவர் கையொப்பமிட்ட அங்கீகாரக் கடிதத்துடன் நீங்கள் சென்றிருந்தால், அவர்கள் மறுத்தது தவறு.

இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகளின்படி, உள்நோயாளியின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் அளிக்கப்பட்டவரோ கேட்டால், கோரிக்கையைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை அளித்து, 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும். நோயாளியின் இரகசியத்தை வெளியிடக் கூடாது என்பதும் அதே விதிமுறைகளில்தான் இருக்கிறது. ஆனால் அது நோயாளிக்காக ஏற்பட்ட காப்பு, அவரிடமே காட்டி மறுப்பதற்கான சாக்கு அன்று.

கடிதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘அனைத்து ஆவணங்களையும் இவரிடம் தரவும்’ என்று ஒரே வரியில் எழுதிக் கொடுக்கிறார்கள். அறுவைக்கு முன் எடுத்த எச்.ஐ.வி. பரிசோதனை முடிவு, குடிப்பழக்கம் பற்றி மருத்துவரிடம் தனியே சொன்னது, பழைய மனநலச் சிகிச்சை என எல்லாமே ஒரே கேஸ் ஷீட்டில் அடுத்தடுத்த தாள்களாக இருக்கும் என்பது எழுதுபவருக்குத் தெரிவதில்லை. இவற்றுள் எச்.ஐ.வி. நிலையை, 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் தவிர, உரியவர் விவரம் அறிந்து அளித்த ஒப்புதலின்றி வெளியிட முடியாது. ஆகவே அந்த ஒற்றை வரியைக் கண்டு பதிவேட்டுப் பிரிவினர் தயங்குவதில் நியாயம் உண்டு. எந்தச் சிகிச்சைக்கான, எந்தெந்த ஆவணங்களை, யாரிடம், எதற்காகத் தரலாம் என்று அண்ணனைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்; இருவரின் அடையாள அட்டை நகல்களையும் இணையுங்கள். காப்பீட்டு நிறுவனம் டிஸ்சார்ஜ் சம்மரியும் பரிசோதனை அறிக்கைகளும் மட்டுமே கேட்டிருந்தால், முழு கேஸ் ஷீட்டைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

கோரிக்கையின் நகலில் முத்திரையும் தேதியும் நேரமும் பெற்றுக்கொள்ளுங்கள். 72 மணி நேரம் கடந்தும் தராவிட்டால், தமிழ்நாடு மருத்துவக் கழகத்தில் புகார் அளிக்கலாம். ஆனால் அந்த விதிமுறைகள் பதிவுபெற்ற மருத்துவரையே கட்டுப்படுத்துபவை என்பதால், மருத்துவமனையின் பெயரோடு நிறுத்தாமல், சிகிச்சை அளித்த மருத்துவரின் பெயரையும் குறிப்பிட்டு எழுதுங்கள்.