பவுல் கேம் டிக்கெட்: யாரிடம் வாங்குவது, எப்போது வாங்குவது?

கேள்வி: மகன் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். நாங்கள் இருப்பது வேறு மாநிலத்தில். அவர்களுடைய அமெரிக்க ஃபுட்பால் டீம் 7 வெற்றி, 5 தோல்வியோடு ஒரு பவுல் கேமுக்கு (சீசன் முடிந்ததும் கல்லூரி டீம்களை அழைத்து நடத்தும் ஒற்றை ஆட்டம்) தேர்வாகியிருக்கிறது. “டிக்கெட்டைப் பல்கலைக்கழகம் மூலமே வாங்குங்கள்” என்று மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் வருகிறது. ரீசேல் ஆப்பில் பார்த்தால் அதே ஆட்டத்துக்குப் பாதி விலை. போன வருட வீடியோவில் ஸ்டேடியம் பாதி காலி. இதில் யாருக்கு லாபம்? குடும்பத்தோடு போய் வருவதில் பிரயோஜனம் உண்டா? போவதென்றால் எதை எப்போது வாங்க வேண்டும்?

பதில்: தாராளமாகப் போகலாம். விமானத்தையும் ஹோட்டலையும் உடனே பிடியுங்கள். டிக்கெட்டுக்கு அவசரம் வேண்டாம். உங்கள் டீம் ஆடுவது போன்ற நடுத்தரப் பவுலுக்கு ஆட்டத்துக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது ரீசேலில் வாங்கினால் போதும். இந்தக் கணக்கு தவறிப்போகும் இடங்களும் உண்டு. அவற்றை அடையாளம் காண, பவுல் கேமுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

காலி நாற்காலியிலிருந்தே தொடங்குவோம். முதல் வரவு தொலைக்காட்சிக்கு. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தில் பெரும்பாலோர் விடுமுறையில் வீட்டில் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் மூன்றரை மணி நேரம் நேரலையாக ஓடும் எந்த ஃபுட்பால் ஆட்டத்துக்கும் பார்க்க ஆள் உண்டு, விளம்பரம் கொடுக்கவும் ஆள் உண்டு. அதனால்தான் விளையாட்டுச் சேனலான இஎஸ்பிஎன் ஒளிபரப்பு உரிமையோடு நிற்கவில்லை. தன் துணை நிறுவனம் வழியாகப் பதினைந்துக்கும் மேற்பட்ட பவுல்களைத் தானே சொந்தமாக வைத்து நடத்துகிறது. லாஸ் வேகஸ், பர்மிங்ஹாம், போக்கா ரேட்டன், ஹவாய் பவுல்கள் எல்லாம் அந்தக் கணக்கில் வருபவை. இப்படிப்பட்ட ஆட்டத்துக்கு டிக்கெட் வசூல் கூடுதல் வரவுதான். ஸ்டேடியம் நிறையாவிட்டாலும் ஆட்டம் நின்றுவிடாது.

இரண்டாவது வரவு ஊருக்கு. இந்த வியாபாரத்தின் வேரே அதுதான். கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் 1890 முதல் புத்தாண்டு மலர் அணிவகுப்பு நடக்கிறது. குளிரில் வாடும் கிழக்கு மாநிலத்துக்காரர்களை இழுக்க, 1902இல் அதே விழாக் குழு ஒரு ஃபுட்பால் ஆட்டத்தையும் சேர்த்தது. மிச்சிகன் 49, ஸ்டான்ஃபோர்டு 0. நேரம் முடியுமுன்பே ஸ்டான்ஃபோர்டு போதும் என்று நிறுத்திக்கொண்டது. ஆட்டம் திரும்பி வர 1916 ஆயிற்று. அதுதான் இன்றைய ரோஸ் பவுல். பொருளாதார மந்தம் வாட்டிய 1935இல் மயாமியில் ஆரஞ்சு பவுலும், நியூ ஆர்லியன்ஸில் ஷுகர் பவுலும், எல் பாசோவில் சன் பவுலும் தொடங்கின. டல்லஸின் காட்டன் பவுல் 1937இல் வந்தது. எல்லாமே குளிர்காலத்திலும் வெயில் அடிக்கும் ஊர்கள். ஹோட்டல் அறை நிறைய வேண்டும், உணவகம் நிறைய வேண்டும் என்பதே நோக்கம். ஒரு டீம் என்றால் ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், பேண்ட் வாத்தியக் குழு, சியர் குழு என்று முந்நூறு பேருக்கு மேல் வந்து, நாலைந்து நாள் தங்குவார்கள். அவர்கள் பின்னால் ரசிகர்கள். விளையாட்டு எப்படிப் போனாலும் ஊருக்கு அந்த வாரம் வரவுதான்.

மூன்றாவது வரவு, பெயர் கொடுக்கும் ஸ்பான்சர். கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாள் மண்டகப்படிக்கும் ஓர் உபயதாரர் இருப்பது போல, இங்கே ஒவ்வொரு பவுலுக்கும் ஒரு கம்பெனி. 1986இல் ஃபியஸ்டா பவுலுக்கு முன்னால் சன்கிஸ்ட் கம்பெனியின் பெயர் வந்து உட்கார்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இந்த வழக்கம் பரவிவிட்டது. பவுல்களை நடத்துபவற்றில் பல லாப நோக்கற்ற அமைப்புகள் என்பதால் வரித் துறை கேள்வி கேட்டது. மோபில் எண்ணெய்க் கம்பெனி காட்டன் பவுலுக்குக் கொடுத்த பணம் விளம்பரக் கட்டணம்தான், அதற்கு வரி உண்டு என்று 1991இல் சொன்னது. 1997இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றியது. பெயரும் சின்னமும் காட்டினால் வரி இல்லை, ‘வாங்குங்கள்’ என்று அழைத்தாலோ விலை சொன்னாலோதான் வரி. பெரிய பவுல்களில் கம்பெனிப் பெயர் எங்கும் தெரிவதும், விலைப்பட்டியல் கண்ணில் படாததும் இதனால்தான்.

ஸ்பான்சர் செலவு எப்படித் திரும்பி வருகிறது என்பதற்கு ஆர்லாண்டோவில் நடக்கும் பாப்-டார்ட்ஸ் பவுலைப் பாருங்கள். பாப்-டார்ட்ஸ் என்பது டோஸ்டரில் சூடாக்கித் தின்னும் பலகாரம். 2023 டிசம்பர் 28 அன்று கன்சாஸ் ஸ்டேட் 28-19 என்று நார்த் கரோலினா ஸ்டேட்டை வென்றது. ஆட்டம் முழுக்க மைதான ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த ஸ்ட்ராபெரி வேடக்காரர், முடிந்ததும் ஆளுயர டோஸ்டரின் மேல் ஏறி, கையசைத்தபடி உள்ளே இறங்கினார். கீழே இருந்து உண்மையான ராட்சதப் பலகாரம் ஒன்று வழுக்கி வந்தது. கேடயம் கையில் இருக்க, ஆட்டக்காரர்கள் அதைக் கையாலேயே பிய்த்துத் தின்றார்கள். அந்த ஒரு நிமிடக் காட்சி, ஃபுட்பாலே பார்க்காதவர்களின் போனுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. சார்லட்டில், மயோனைஸ் கம்பெனி ஒன்றின் பெயரில் நடக்கும் டியூக்ஸ் மயோ பவுலை வெல்லும் பயிற்சியாளர் தலையில் மயோனைஸைக் கொட்டுகிறார்கள். அதற்குச் சம்மதித்தால் அவர் சொல்லும் அறப்பணிக்கு 10,000 டாலர். இதைக் கேலிக்கூத்து என்று ஒதுக்குபவர்கள் உண்டு. சரியான பார்வை அதுவல்ல. கோப்பைக் கனவு இல்லாத இரண்டு டீம்களின் ஆட்டத்துக்கு ஒரு கொண்டாட்டத்தைக் கொடுத்து, தூரத்திலிருந்து வரும் குடும்பத்துக்குக் காரணமும் கொடுத்தவை இந்தச் சடங்குகள்தான்.

இப்போது உங்களுக்கு வரும் மின்னஞ்சல். பவுல் தரும் தொகை பெரும்பாலும் நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போவதில்லை. அது சேர்ந்திருக்கும் கான்ஃபரன்ஸுக்கு, அதாவது பல்கலைக்கழக டீம்களின் கூட்டமைப்புக்கு, போகிறது. கான்ஃபரன்ஸ் பயணச் செலவுக்கு ஒரு தொகை ஒதுக்கி, மீதியை எல்லா உறுப்பினர்களுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. இன்னொரு பக்கம், இத்தனை டிக்கெட்டை உங்கள் தரப்பு ஏற்க வேண்டும் என்ற ஒப்பந்தம் இருக்கிறது. விற்காத டிக்கெட்டின் சுமை பல்கலைக்கழகம், கான்ஃபரன்ஸ் தலையில் விழும். 2011 ஃபியஸ்டா பவுலுக்குப் போன கனெக்டிகட் பல்கலைக்கழகம் 17,500 டிக்கெட்டை ஏற்க வேண்டியிருந்தது. அதில் பெரும்பகுதி விற்கவில்லை. பயணம் முடிந்தபோது 15 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டம். ரசிகர்கள் ஏன் அங்கே வாங்கவில்லை? ரீசேலில் அதைவிட மலிவாகவும் நல்ல இடமாகவும் கிடைத்தது. உங்கள் ஆப்பில் இன்று தெரிவதும் அதே கதை.

பல்கலைக்கழகம் மூலம் வாங்குவதில் அர்த்தமே இல்லையா என்றால், உண்டு. அந்த எண்ணிக்கையைப் பவுல் குழுக்கள் கவனிக்கின்றன. ரசிகர்கள் கூடவே வருவார்கள் என்று பெயர் எடுத்த டீமுக்கு, அதே வெற்றிக் கணக்கு உள்ள வேறு டீமைவிட நல்ல பவுல் அழைப்பு வரும். நன்கொடையாளர்களுக்கு இது முன்னுரிமைப் புள்ளியாகவும் சேரலாம். மகன் பேண்டில் வாசிக்கிறான் என்றாலோ, சொந்த டீமின் நிறத்துக்கு நடுவே உட்கார்ந்து கத்தித் தீர்க்க வேண்டும் என்றாலோ அங்கேயே வாங்குங்கள். முதலில் மகனிடம் மாணவர் டிக்கெட் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். பல பல்கலைக்கழகங்கள் அதை மிகக் குறைந்த விலைக்குத் தருகின்றன, முடிவு தேதி மட்டும் சீக்கிரமே வந்துவிடும்.

ரீசேலில் விலை ஏன் இறங்குகிறது? ஸ்பான்சர்களுக்கும் உள்ளூர் நிறுவனங்களுக்கும் கட்டுக்கட்டாகப் போகும் டிக்கெட்டுகளில் பாதி அவர்களுக்குத் தேவைப்படாது. கடைசி வாரத்தில் அவை சந்தைக்கு வரும். இறங்காத இடங்கள் இவை: இரண்டில் ஒரு டீம் அதே ஊரிலோ இரண்டு மூன்று மணி நேரக் கார் பயணத் தூரத்திலோ இருந்தால், பல வருடம் பவுலே பார்க்காத டீம் என்றால், ஸ்டேடியமே சிறியது என்றால். அப்போது அறிவித்த அன்றே வாங்கிவிடுங்கள். ரோஸ் பவுலும் தனிக் கணக்கு. சான் கேப்ரியல் மலைமேல் மாலை வெயில் சாயும் அந்த மைதானத்தை ஒருமுறை பார்க்கவென்றே வருபவர்கள் உண்டு; விலை அவ்வளவாகச் சரியாது. ஜனவரி 1 ஞாயிற்றுக்கிழமையாக வந்தால் அணிவகுப்பும் ஆட்டமும் 2ஆம் தேதிக்கு மாறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

2025 மே மாதம் முதல், ஆட்ட டிக்கெட்டுக்கும் ஹோட்டல் அறைக்கும் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசின் விதி வந்துவிட்டது. ஆகவே இரண்டு ஆப்களை ஒப்பிடும்போது முதல் திரையில் தெரியும் விலையையே ஒப்பிடலாம்.

பயணத்தில்தான் பலர் பணத்தைக் கோட்டைவிடுகிறார்கள். பவுல் ஜோடிகள் டிசம்பர் முதல் வாரத்தையொட்டிய ஞாயிற்றுக்கிழமை அறிவிக்கப்படும். ஆட்டத்துக்கு இரண்டு மூன்று வாரம்தான் இருக்கும், அதுவும் கிறிஸ்துமஸ் கூட்டத்தில். அடுத்த வருடத்துக்கு இதைக் குறித்து வையுங்கள்: டீம் 6 வெற்றியைத் தொட்டதும் தகுதி கிட்டத்தட்ட உறுதி. உங்கள் கான்ஃபரன்ஸுக்கு ஒப்பந்தமுள்ள பவுல்களில் வாய்ப்பு அதிகமுள்ள இரண்டு மூன்று ஊர்களில், ரத்து செய்தால் பணம் திரும்பும் ஹோட்டல் அறைகளை நவம்பரிலேயே போட்டு வையுங்கள். அறிவிப்பு வந்ததும் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை ரத்து செய்யலாம். விமானத்துக்கு, பயணத் தேதிக்கு 7 நாளாவது முன்பாக விமான நிறுவனத்திடமே நேராக எடுத்தால், 24 மணி நேரத்துக்குள் பணம் கழியாமல் ரத்து செய்ய அமெரிக்க விதி இடம் தருகிறது. ஞாயிறு மாலையே எடுத்துவிட்டு, திங்கள் காலையில் வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

பணம் போடுமுன் இன்னொன்றையும் பாருங்கள்: களத்தில் யார் இருப்பார்கள்? 2016 ஜனவரி 1 அன்று ஃபியஸ்டா பவுலில் நோட்ரடாம் வீரர் ஜேலன் ஸ்மித்துக்கு முழங்கால் சிதைந்தது. தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் டீம்கள் புது வீரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வின் தொடக்கத்திலேயே போக வேண்டியவர், 34ஆவது ஆளாகத்தான் போனார். அதே ஆண்டு டிசம்பரில் லெனர்ட் ஃபோர்னெட், கிறிஸ்டியன் மெக்காஃப்ரி இருவரும் தங்கள் பவுல் ஆட்டங்களிலிருந்து விலகிக்கொண்டார்கள். அன்றிலிருந்து இது வழக்கமாகிவிட்டது. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஒரு காயத்தில் பல லட்சம் டாலர் போய்விடும். 2023இல் தோல்வியே காணாத ஃப்ளோரிடா ஸ்டேட், சாம்பியனை முடிவு செய்யும் பிளேஆஃபில் இடம் மறுக்கப்பட்டு, இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் இல்லாமல் ஆரஞ்சு பவுலில் இறங்கி, ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றது. 2024இல் மார்ஷல் பல்கலைக்கழகம், பயிற்சியாளர் மாறி வீரர்கள் கலைந்ததால் இண்டிபெண்டன்ஸ் பவுலிலிருந்தே விலகியது. அங்கே லூசியானா டெக் ஆடியது.

ஆகவே பயிற்சியாளர் அதே ஆள்தானா, தாக்குதலை நடத்தும் முக்கிய வீரரான குவார்ட்டர்பேக் ஆடுகிறாரா என்று உள்ளூர்ச் செய்தியில் பார்த்துக்கொண்டே இருங்கள். விலகல் செய்தி வந்த மறுநாள் ரீசேல் விலை இறங்கும். டிக்கெட்டுக்குப் பொறுக்கச் சொல்வதன் முக்கியக் காரணம் இதுவே. நட்சத்திரங்கள் இல்லாவிட்டால் ஆட்டம் சப்பென்று இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். பவுலுக்கு முன் டீமுக்குப் பல நாள் கூடுதல் பயிற்சி கிடைக்கிறது. அடுத்த வருடம் ஆடப்போகும் இளையவர்கள் அதில்தான் தயாராகிறார்கள். இறுதியாண்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது வாழ்க்கையின் கடைசி ஃபுட்பால் ஆட்டம். 7-5 டீம்களின் பவுலில் கடைசி நிமிடம் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டியிருப்பது அபூர்வமே அல்ல.

ஆட்ட நாளில் டிக்கெட்டை ஆப்பிலிருந்து ஒவ்வொருவர் போனுக்கும் முதல் நாளே மாற்றிவிடுங்கள். நுழைவுக் குறியீடு மாறிக்கொண்டே இருப்பதால் ஸ்கிரீன்ஷாட் பல இடங்களில் செல்லாது. வாசலில் நெரிசலில் இணையமும் தடுமாறும். பை கொண்டுபோவதானால் உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பை, 12-க்கு 6-க்கு 12 அங்குலத்துக்குள். கைக்குழந்தைக்கான பொருள்களுக்கும் மருந்துகளுக்கும் தனி வாசலில் சோதனை இருக்கும் என்பதால் ஸ்டேடியத்தின் பக்கத்தில் விதியைப் படித்துவிடுங்கள். நியூ ஆர்லியன்ஸ், டெட்ராய்ட், சான் அந்தோனியோ என்றால் கூரை உண்டு. இடாஹோ மாநிலத்தின் பாய்சி நகரில் உள்ள நீலத் தரை மைதானத்தில் டிசம்பர் குளிருக்கு உட்கார ஒரு தடித்த துண்டு, இரண்டு ஜோடி சாக்ஸ், கையுறை அவசியம். பார்க்கிங்கை டிக்கெட்டோடு சேர்த்து முன்கூட்டியே வாங்குங்கள். அன்று வாசலில் கேட்டால் இடமும் கிடைக்காது, விலையும் கூடும். ஆட்டம் தொடங்க இரண்டு மணி நேரம் முன்பே போய்விட்டால், பேண்ட் வாசித்தபடி ஸ்டேடியத்துக்குள் நுழைவதை மகனோடு நின்று பார்க்கலாம்.